கொல்லை அறையில் படித்த பரீட்சை

இந்த ஊரில் பரீட்சை எழுத வருகிறவர்கள் கையில் காபியோடு வருகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் தேர்வுக் கண்காணிப்பு வேலை பார்க்கிறேன். பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வும் அங்கேதான் நடக்கும். சீவிய பென்சில்களை ஒவ்வொரு மேஜையிலும் வைத்துக்கொண்டே போவேன். கால்மேல் கால் போட்டு, சூயிங் கம் மென்றபடி, "தாங்க் யூ, டியர்" என்பார்கள். பாதிப் பேர் முழுநேர வேலையில் இருப்பவர்கள். போன மாதம் வந்த ஒரு பெண்மணி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். கணவன் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கூடத்து வாசல்வரை வந்து, முத்தம் கொடுத்து அவளை உள்ளே அனுப்பினான். பென்சில் கட்டோடு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேடுவானேன்?

என்னோடு வேலை பார்க்கும் பார்பரா நல்லவள். "நீ இந்த மாதிரி ஒன்றும் எழுதியதில்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். ஊரில் எழுத இருந்தேன், ஆனால் அன்றைக்குத்தான் என் கணவர் என்னைப் பார்க்க வந்தார், அதனால் போகவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஹௌ ரொமான்டிக்! பரீட்சையை விட்டுவிட்டு அவரைத் தேர்ந்தெடுத்தாயே!" என்று கண் கலங்கினாள். மறுத்துச் சொல்ல ஆரம்பித்தால் மயிலாப்பூரையே அவளுக்கு விளக்க வேண்டியிருக்கும். தலையை ஆட்டிவைத்தேன். உங்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தேனாம்பேட்டையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். பி.ஏ. பட்டமும் ஹையர் டைப்ரைட்டிங்கும் கைவசம். வடநாட்டில் அப்போது பேச்சாக இருந்த ஒரு மேனேஜ்மென்ட் பள்ளியில் படித்த இளைஞர் ஒருவர் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். டிக்டேஷன் என்று கூப்பிடுவார், இரண்டு வரி சொல்வார், பிறகு மேல்விட்டத்தைப் பார்ப்பார். "மீதியை நீங்களே போட்டுடுங்கோ" என்பார். அவர் பெயரில் போன கடிதங்களில் பாதிக்குமேல் என் சரக்கு. மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் வந்தது. இவர் எழுதித் தேறிய பரீட்சையை நான் எழுதினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கைடு வாங்கினேன். மத்தியான இடைவேளையில் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் அதை விரித்துக்கொள்வேன்.

"இன்னாம்மா, சோறு துன்ற நேரத்துலகூட படிச்சிக்கினே கீறே? கலெக்டராவப் போறியா?" என்று கேலி செய்வார் பியூன் ஆறுமுகம். சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்த அரைமணி எம்மட்டு? காலையில் வீட்டில் அரைப்பது, கரைப்பது, அப்பாவுக்கு மடியாகச் சமைப்பது, தம்பிகளுக்குக் கையில் கட்டிக் கொடுப்பது எல்லாம் அம்மாவும் நானும். மாலையில் பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்ததும் மறுபடி அடுப்படி. மாதத்தில் மூன்றே நாள்தான் எனக்கு விடுதலை. 'தூரம்' என்று சொல்லிவிட்டால் அடுப்பு, பூஜை அலமாரி எதையும் தொடக்கூடாது, கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் தனியாக உட்கார வேண்டும். தட்டு எட்ட இருந்து நகர்த்தப்படும். ஆபீஸுக்கு மட்டும் போகலாம், சம்பளத்துக்குத் தீட்டு கிடையாது. என் தோழிகள் அந்த அறையைச் சபித்தார்கள். நான் அதற்குக் காத்திருந்தேன். கைடில் முக்கால்வாசியை அங்கேதான் படித்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணக்குப் பகுதி அப்படியே நின்றது. முந்தைய தடவை உட்கார்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. துணிந்து ஒரு பொய் சொன்னேன்.

"இப்பதானேடி உக்காந்தே?" என்றாள் அம்மா.

"என்னமோ தெரியலம்மா. ஆபீஸ்ல அலைச்சல்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தனியாகவே அரைத்தாள், தனியாகவே சமைத்தாள். எனக்குக் குற்ற உணர்வு ஒன்றும் இல்லை, இப்போதும் இல்லை. கணக்குப் பகுதியை முடித்தேன்.

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். அப்பா கூடத்தில் உற்சாகமாக இருந்தார். மாம்பலத்திலிருந்து ஒரு வரன். பையன் அமெரிக்காவிலிருந்து லீவில் வரப்போகிறான். வருகிற மாதம் இரண்டு ஞாயிறுகளைச் சொல்லி, எது சௌகரியமோ அதில் பெண் பார்க்க வருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். முதல் ஞாயிறு எனக்குக் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. ஹால் டிக்கெட் தபாலில் வந்தபோது தம்பிதான் அதை உரக்கப் படித்தான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அம்மா அதற்குள் பதில் சொல்லி அனுப்பியாகிவிட்டது. நான் சொன்ன தேதியிலிருந்து எண்ணினால் அடுத்த தடவை சரியாக இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விழும். அன்றைக்குப் பெண் நமஸ்காரம் பண்ண முடியாது. ஆகவே முதல் ஞாயிறே வரச் சொல்லிவிட்டாள்.

அம்மாவைத் தேடி ஓடினேன். கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"அம்மா, நான் தூரம்னு சொன்னது பொய். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை எனக்கு ஒண்ணும் ஆகாது. அன்னிக்கே வரச் சொல்லும்மா."

அம்மா நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மூணு நாளா கொல்லைக் கொடியில ஒரு துணி உலரலையே, எனக்குக் கண் அவிஞ்சா போச்சு? படிச்சுக்கோன்னுதான் விட்டேன். ஆனா பரீட்சை பாஸ் பண்ணிட்டு, ரெண்டு வருஷம் வடக்கே போய் ஹாஸ்டல்ல இருந்துட்டு வந்தா உன்னை யாருடி பண்ணிப்பா? உன் வாயால சொன்ன கணக்கைத்தான் நானும் அவாகிட்டச் சொன்னேன்."

"இப்பவும் மாத்தலாமேம்மா."

"மாத்தலாம். அப்பாகிட்ட என்னன்னு சொல்லட்டும்? உங்க பொண்ணு தூரத்துலயே பொய் சொல்லுவான்னா? நாளைலேர்ந்து ஆபீஸும் கிடையாது, பாத்துக்கோ."

அவள் கத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தாலும் பஸ் ஏறிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் அரிசியை வடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் நிஜமாகவே வந்தது. கொல்லை அறையில் அந்த மூன்று நாளும் படித்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அந்த ஞாயிறு, கோபாலபுரத்தில் கேள்வித்தாள் கொடுக்கும் நேரத்தில், நான் வாசற்படிக்கு இழைகோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் வந்தார்கள். சொஜ்ஜி நன்றாக இருந்ததாம். "மேல படிக்கிற ஆசை உண்டா?" என்று பிற்பாடு என் கணவரான அவர் என்னைத்தான் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லை, வீட்டோட இருக்கிற பொண்ணு" என்று அம்மா பதில் சொன்னாள். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மாதச் சம்பளத்தை அவள் கையில் கொடுத்த பெண் நான்.

என் கணவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதை அவருக்குத் தெரியாது. இந்த வேலையைக்கூட அவர்தான் விளம்பரம் பார்த்துச் சொன்னார். கேட்டால், இப்போது எழுதேன் என்றுகூடச் சொல்வார். பார்பராவும் அதைத்தான் சொல்கிறாள், இங்கே எந்த வயதிலும் எழுதலாமாம். அந்தக் கைடில் இருந்ததெல்லாம் மறந்துவிட்டது என்பது பெரிய விஷயமில்லை, மறுபடி படிக்கலாம். ஆனால் அந்தக் கடைசி மூன்று நாள் அம்மாவை ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா இப்போது என் மகளுக்குப் பாவாடை தைத்து அனுப்புகிறாள், ஃபோனில் என் குரல் கேட்டாலே அழுகிறாள். அவளோடு இனி எங்கே போய் மோதுவது? மன்னிக்கவும் மனம் வரவில்லை.

இங்கே தீட்டு என்று யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று நாள் நான் ஸ்வாமி விளக்கைத் தொடுவதில்லை, சமையலறைக்குள் போவதில்லை. பேஸ்மென்ட்டில் ஒரு கம்பளியை விரித்துக்கொள்கிறேன். கணவரும் மாம்பலத்துக்காரர், ஒன்றும் கேட்காமல் ரசம் வைத்துவிடுவார். சில மாதங்களில், பதினைந்து நாள்கூட ஆகாதபோது, "நான் தூரம்" என்று அவரிடம் பொய் சொல்கிறேன். கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். கையில் புத்தகம் எதுவும் கொண்டுபோவதில்லை.