கோல் கீப்பர் மச்சாள்

தாதியர் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை கையில் கோப்பிக் கோப்பையோடு நடைவழியில் நின்று, "உங்கள் ஊரில் என்ன விளையாடினாய்?" என்று கேட்டதாக மச்சாள் சொல்லுவார். மச்சாளுக்கு அப்போது ஜெர்மன் மொழி அரைகுறை. "நெட்போல்" என்றார். ஆசிரியைக்கு அப்படியொரு விளையாட்டு இருப்பதே தெரியாது. எந்த இடத்தில் நின்று விளையாடுவாய் என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த இடத்துக்கு மச்சாளுக்குத் தெரிந்தது ஆங்கிலப் பெயர்தான். "கோல் கீப்பர்" என்றார். ஆசிரியை கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மச்சாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாராம்.

நெட்போல் என்கிற வலைப்பந்தில் கோல் கீப்பர் என்பவள் வளையத்தின் கீழே நின்று, பந்தோடு வரும் எதிரணிப் பெண்ணின் முன்னால் கையை உயர்த்தி மறிப்பவள். அவளைக் குறிபார்த்து யாரும் பந்தை வீசுவதில்லை. ஆசிரியை நினைத்துக்கொண்டது ஹாண்ட்போல் கோல் கீப்பரை. கால்பந்தைப் போலக் கம்பமும் வலையும் வைத்து, பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற விளையாட்டு அது. கிட்ட வந்து முழு வேகத்தில் எறியும் பந்தை உடம்பைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். அந்தக் கல்லூரி அணியில் அந்த இடத்துக்கு வர ஒரு பெண்ணும் சம்மதிக்கவில்லை. அடுத்த கிழமையே மச்சாளைக் கொண்டுபோய் வலைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். முதல் பந்து நெஞ்சில் பட்டது.

"நான் அந்தக் கோல் கீப்பர் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே மச்சாள்?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"எப்பிடித் தம்பி சொல்லுறது? இந்த நாட்டுக்கு வந்ததுக்குப் பிறகு என்னைக் கண்டு ஒரு ஆள் அப்பிடிச் சந்தோசப்பட்டது அண்டைக்குத்தான்."

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் இலங்கையில் எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்கு முன்பே ஜெர்மனிக்கு வந்து, வுப்பர்டாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, வதிவிட அனுமதியும் எடுத்திருந்தார். மச்சாள் எண்பத்து நான்கில் வந்து சேர்ந்தார். நான் அதற்கு அடுத்த ஆண்டு வந்து, அதே ஊரில், மேட்டுத் தெருவொன்றிலிருந்த அகதிகள் விடுதியில் இருந்தேன். நாங்கள் அதை ஹைம் என்போம். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படுப்பதும் சமைப்பதும் ஊர்ச் செய்திக்குக் காத்திருப்பதுமாக, கைகால் விளங்கும் இளந்தாரிகள் அத்தனை பேரும் கட்டில்களில் கிடந்தோம். எங்கள் கூட்டத்திலேயே, அண்ணனை விட்டால், காலையில் எழும்பிப் போக ஓர் இடம் உள்ளவராக இருந்தவர் மச்சாள்தான். தாதியர் படிப்புக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. தொழிற்பயிற்சியைக் குறிக்கும் அவுஸ்பில்டுங் என்ற ஜெர்மன் சொல்லை ஹைமில் இருந்தவர்கள் ஏதோ பட்டத்தைச் சொல்வது போலச் சொல்லுவார்கள்.

அதே வாயால்தான் வம்பும் பேசினார்கள். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒருவர் எங்களோடு இருந்தார். எல்லோருக்கும் அவர் தபால் அண்ணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தபோது அவர் மெல்லத் தொடங்கினார். "தம்பி, குறை நினையாதையும். உம்மட மனிசி அரைக்காற்சட்டையோட பந்தடிக்கிறாவாம் எண்டு ஒரு கதை அடிபடுது."

அண்ணன் இயல்பிலேயே அதிகம் பேசாதவர். கடையில் தன் பெயரைக் கேட்டால்கூடக் குரல் உள்ளே போய்விடும். அன்று மாலை வீட்டில், "நீர் உந்த விளையாட்டை விட்டால் என்ன?" என்று மட்டும் கேட்டார். நானும் அங்கே இருந்தேன். மச்சாள் உள்ளே போய், கோல் கீப்பர் உடுப்பைக் கொண்டுவந்து கதிரையில் விரித்தார். கணுக்கால்வரை நீண்ட தடித்த காற்சட்டை, மணிக்கட்டுவரை கைவைத்த சட்டை. "கோலுக்க நிக்கிற ஆள் இதைத்தான் போடுறது. சீலையில தெரியிற இடுப்புக்கூட இதில தெரியாது. போய்ச் சொல்லுங்கோ உங்கட தபாலுக்கு" என்றார். அண்ணன் அந்தக் காற்சட்டையை எடுத்துப் பார்த்தார். முழங்காலில் தைத்திருந்த பஞ்சுத் துண்டை அமத்திப் பார்த்தார். "நோகாதே?" என்றார். அதற்குப் பிறகு விட்டுவிடச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் விளையாட்டு பார்க்கவும் போகவில்லை.

மச்சாளுக்குப் பந்து எறிய ஆள் தேவைப்பட்டது. வேலையில்லாத நான் இருந்தேன். அவர்கள் வீட்டுப் பின்முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு கல்மதில். அதில் சுண்ணாம்புக் கட்டியால் கோல் வரைந்தோம். முதல் நாட்களில் எனக்குக் கை வரவில்லை. மச்சாள் பொறுமை இழந்தார். "பயந்து எறியாதையும் தம்பி. அவளவை பயந்து எறியமாட்டாளவை." நான் எறியத் தொடங்கினேன். முன்கையில் நீலம் நீலமாகக் கன்றிப்போகும். ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் வார்டுக்குப் போவார். என் கை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பந்து கையை விட்டுப் போகுமுன்னே அவர் கண்டுபிடிப்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்தேன். வளையத்தின் கீழ் நின்று எத்தனையோ பெண்களின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்த பழக்கம். அந்தப் பழைய கோல் கீப்பர் இந்தப் புதிய கோல் கீப்பருக்கு உதவிக்கு வந்துவிட்டாள்.

இரண்டாம் ஆண்டில் அவர்களுடைய அணி, அந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதிவரை வந்துவிட்டது. எதிரே பல்கலைக்கழகத்தில் விளையாட்டையே பாடமாகப் படிக்கும் மாணவிகள். நோயாளியின் படுக்கை மாற்றிவிட்டு ஓடிவரும் பெண்கள் இவர்கள். இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே, ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் ஹைமில் சொன்னேன். வம்பு தொடங்கிய தபால் அண்ணைதான் முதலில் சப்பாத்தைப் போட்டார்.

"எங்கட பிள்ளை விளையாடேக்க நாங்கள் படுத்துக் கிடக்கிறதே?" என்றார். சமையலறையிலிருந்து பெரிய அலுமினியப் பானையையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் ஆண்கள் கல்லூரிகளின் பெரிய கிரிக்கெட் ஆட்டங்களில் பானையும் தகரமும் அடித்து, வென்றதும் மைதானத்துக்குள் பாய்ந்து, ஆட்டக்காரனைத் தோளில் தூக்கி ஊர்வலம் போன தலைமுறை அவர். மச்சாளிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "உங்களுக்கு ஊரே வந்தது. எங்கட நெட்போல் மாட்சுக்கு ஆர் வந்தது? கொன்வென்ட் மதிலுக்குள்ள நாலு சிஸ்டர்மாரும் காகங்களும். வெண்டால் கைதட்டிப்போட்டு, நேரமாச்சு வீட்ட போங்கோ எண்டுவினம்."

மண்டபம் நிறைந்திருந்தது. மரத்தரை பளபளத்தது. நாங்கள் மேல் வரிசையொன்றில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். அண்ணனுக்கு அன்று வேலை. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் பாதி தொடங்கியபோது, தொழிற்சாலை உடுப்போடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேலே வரச் சொல்லிக் கையசைத்தேன். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

மச்சாள் விளையாடியதை எப்படிச் சொல்வது? அவர் கையால் தடுத்தார், காலால் தடுத்தார், ஒருமுறை தாடையால் தடுத்தார். ஒவ்வொரு தடவையும் தபால் அண்ணையின் பானை அதிர்ந்தது. முதலில் திரும்பிப் பார்த்து முகம் சுளித்த தாதியர் கல்லூரிப் பெண்கள், பிறகு பானையின் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். யாரோ மச்சாளின் பெயரை ஜெர்மன் வாயால் முறித்துக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த முறிந்த பெயரை மண்டபமே கூப்பிட்டது.

எங்கள் அணி ஒரு கோல் முன்னால் நிற்க நேரம் முடிந்தது. ஆனால் கடைசிக் கணத்தில் நடந்த தவறுக்காக எதிரணிக்குத் தண்டனை எறி கொடுத்தார்கள். கோலுக்கு நேரே நின்று ஒருத்தி எறிய வேண்டும், கோல் கீப்பர் மட்டும் தடுக்கலாம். விழுந்தால் சமன். எறிய வந்தவள் மச்சாளைவிட ஒரு முழம் உயரம். பானை நின்றுவிட்டது. மச்சாள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓரடி முன்னே வந்தார். எறிபவள் ஒருமுறை ஏமாற்றினாள், மச்சாள் அசையவில்லை. அவள் மணிக்கட்டு திரும்பியதை மேலிருந்து நானும் கண்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பந்து மச்சாளின் தொடையில் பட்டுத் தரையில் உருண்டது.

அடுத்த கணம் இருபக்கத்து வாங்கு வரிசைகளிலிருந்தும் சனம் தரைக்குள் பாய்ந்தது. மாணவிகள், தாதிமார், அவர்களுடைய நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு, மரத்தரை இடிபட, மச்சாளை நோக்கி ஓடினார்கள்.

நாங்கள் எழும்பவில்லை. எங்களில் ஒருவரும் எழும்பவில்லை. கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடிவரும் சனத்தை நாங்கள் கடைசியாகக் கண்டது வேறோர் இடத்தில். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது மச்சாள் கொழும்பில், வெள்ளவத்தையில் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியொன்றில் இருந்தார். தமிழரைத் தேடிச் சனம் ஒழுங்கைக்குள் ஓடிவந்தபோது பின்மதில் ஏறிக் குதித்துத் தப்பியவர். அதை எனக்கு அவர் சொன்னதில்லை, அண்ணன்தான் சொல்லியிருந்தார். மச்சாள் வலையோடு ஒட்டிக்கொண்டு, கைகளை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நிற்பது மேலிருந்து தெரிந்தது.

அப்போதுதான் அண்ணன் ஓடினார். கதவடியிலிருந்து கோல் கிட்டத்தான். கூட்டத்தை முந்திக்கொண்டு போய், தொழிற்சாலை உடுப்போடு, மச்சாளுக்கு முன்னால் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஓடி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். முன்னால் ஓடிவந்த பெண்கள் அவருடைய முகத்தைக் கண்டு சட்டென்று நின்றார்கள். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. விளையாட்டு ஆசிரியை கூட்டத்தை விலக்கி வந்து, கண்ணீரோடு தன் கையை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார்.

பின்னாலிருந்து மச்சாள் அவருடைய தோளில் கை வைத்தார். மண்டபம் அடங்கியிருந்தபடியால் எங்களுக்கும் கேட்டது.

"ஒண்டுமில்லை, இஞ்சாருங்கோ. நாங்கள் வெண்டிட்டம். அதுக்குத்தான் ஓடி வருகினம்."

அண்ணன் கைகளை இறக்கி, ஆசிரியையின் கையைப் பிடித்தார். பிறகு யார் முதலில் தூக்கினார்கள் என்று தெரியாது. மச்சாள் தலைகளுக்கு மேலே போனார். அங்கிருந்து எங்கள் பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். "வாங்கோ! ஏன் அங்க இருக்கிறியள், எல்லாரும் வாங்கோ!" தபால் அண்ணை பானையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார். அவருக்குப் பின்னால் நாங்கள் ஓடினோம். வந்த நாளிலிருந்து எந்தக் கந்தோரிலும் வரிசையில் நின்று, எந்தக் கதவையும் மெல்லத் தட்டிப் பழகிய நாங்கள், யாரையும் கேளாமல் அந்தப் பளபளக்கும் தரைக்குள் ஓடினோம். ஒருவரும் எங்களைத் தடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெடியன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான்.

இப்போது தொலைக்காட்சியில் கல்லூரி அணிகள் வென்றதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்வதையும், காவலர்கள் கயிறு பிடித்து மறிப்பதையும் பார்க்கிறேன். ஆபத்து என்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். மச்சாள் அதே ஊரில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றுவிட்டார். அப்படியொரு காட்சி வந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்க்கிறார். அண்ணன் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்வது அந்தப் பின்னேரம் வீடு திரும்பியதைத்தான்.

ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் எங்கள் ஊர் ரயிலில் மூன்று பேரும் வந்துகொண்டிருந்தோம். மச்சாளின் பையை அண்ணன் மடியில் வைத்திருந்தார். மச்சாளின் கையில் பூங்கொத்து, தாடையில் வீக்கம். எதிரே இருந்த வயதான ஜெர்மன்காரி, இந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். மச்சாள் வாய் திறக்குமுன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ரயில் முழுவதற்கும் கேட்கும்படி, "இவ என் மனைவி. கோல் கீப்பர். இண்டைக்கு வெண்டவ" என்று சொன்னார். மூதாட்டி மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார். அந்த இடத்தில் ஒரு மனிதர் ஏறி வந்து உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் முன்னால் குனிந்து, பத்திரிகையின் ஓரத்தை விரலால் தட்டி, அவருக்கும் சொன்னார்.