அண்ணனுக்கு ஓர் இடுப்புப் பிடிமானம்

1998ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தபோது எனக்கு அறிமுகமானவை அவருடைய பாதங்கள் மட்டுமே. மற்றதெல்லாம் ஒரு பழைய காருக்கு அடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருப்பதாக அந்தப் பாதங்களிடம் தெரிவித்தேன். "வாங்கக்கா, உக்காருங்க" என்றது காரின் வயிறு.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர். அந்தக் காரை அவர் கார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்துவிட்டதாம். ஆகவே அது 'அண்ணன்'. காலையில் அதன் முன்விளக்குகளைக் கடைத் துணியாலேயே துடைத்துவிட்டு, வாடிக்கையாளரைக் கேட்பதுபோல், "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்பார்.

அண்ணன் வளைவுகளில் படகைப்போலச் சாய்வார். முன்னிருக்கையோ ஒரே நீளமான, வழுக்கும் ரெக்சின் மெத்தை. இடப்பக்கம் திரும்பினால் மனைவி வழுக்கிக்கொண்டுபோய்க் கணவர்மீது மோதுவார். இத்தனை ஆண்டுகளாகப் பழகிப்போன அந்த மோதல், சென்ற மாதம் சந்தை முனையில் ஒரு பாத்திரம் பாலோடு நிகழ்ந்தது. பால் முழுவதும் கணவர் மடியில். "இனிமே உங்க அண்ணன்கூட வரமாட்டேன். தங்கச்சி வீட்டுக்கு பஸ்லயே போய்க்கறேன்" என்று மனைவி அறிவித்துவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் அவர் நிற்க, கணவர் பக்கத்திலேயே காரை ஊர்ந்தபடி ஓட்டிக் கெஞ்சியதைத் தெருவே பார்த்தது.

ஆகவே, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து வண்டி ஒருபக்கம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் வளைந்த கம்பியொன்றை வாங்கிவந்தார். ஸ்வே பார் என்று பெயராம். "அண்ணனுக்கு இடுப்புப் பிடிமானம்க்கா" என்றார். முதல் நாள் தலைகீழாக மாட்டிவிட்டார். காரைப் பின்னால் எடுத்ததும் அது புகைக்குழாயில் மணியடித்தது. மறுநாள் நேராக மாட்டினார். ஆனால் கடைசி போல்ட்டுகளை, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் இறுக்க வேண்டுமாம். மனைவி சன்னலைச் சாத்திக்கொண்டார். சிமெண்ட் மூட்டை வைக்கலாமே என்றேன்.

"மூட்டை மூச்சு விடாதுக்கா. உங்களுக்கும் அவளுக்கும் ஒரே எடைதான். தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன், இருந்தும் ஏறி அமர்ந்தேன். "இருமாதீங்க" என்று அடியிலிருந்து உத்தரவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு நிபந்தனையோடு ஏறினார். கையில் விளிம்புவரை தேநீர். ஒரு சொட்டுச் சிந்தினாலும் பேருந்துதான். பின்னிருக்கையில் நான் நடுவர். சந்தை முனையில் அண்ணன் நிமிர்ந்த முதுகோடு திரும்பினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மனைவி தம் கோடியில் அசையாமல் அமர்ந்து தேநீரைக் குடித்து முடித்தார். "பரவால்லையே, உங்க அண்ணனுக்கு இப்பத்தான் மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றார்.

கணவர் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் கண்டேன். அடுத்த இடப்பக்க வளைவில் அது சற்றே வாடியதையும் கண்டேன். இருவருக்கும் நடுவே கிடந்த கைப்பைகூட நகரவில்லை.

மறுநாள் காலை அவ்வழியே சென்றபோது மீண்டும் அதே பாதங்கள். காரின் வயிறு தணிந்த குரலில் அழைத்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் ஏறி உக்காருங்க. ஒரே ஒரு போல்ட்ட லேசாத் தளர்த்தணும். அவகிட்ட சொல்லிடாதீங்க."