கனகாம்பரக் காட்டில் வாடல்

செல்லாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே மறுக்க மாட்டாள். ஆனால் உழைப்பில் அவளை மிஞ்ச ஆலாந்துறைப் பக்கம் ஆள் கிடையாது. புருசன் மாசாணம் விட்டுப்போன துண்டுக் காட்டில் கனகாம்பரம் போட்டாள். கரண்ட் இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் குடம் என்று தண்ணீர் ஊற்றி, ஒற்றைப் பிள்ளை கதிரேசனை ஐடிஐ வரைக்கும் படிக்க வைத்தாள்.

தாலி இறங்கிய நாளோடு அவள் தலையில் பூ ஏறுவதும் நின்றுபோனது. காடு பூராவும் பூ, தலையில் மட்டும் ஒரு பூ கிடையாது. என்ன கொடுமை பாருங்கள்! அதனாலோ என்னவோ, அன்புச்செல்வி மருமகளாக வந்ததும் அந்த ஆசையெல்லாம் அவள் தலைக்குப் போனது. பறிக்கிற அன்றெல்லாம் முதல் கைப்பூ அவளுக்குத்தான். உக்கடத்துப் பூ வியாபாரி அப்துல் வஹீதுக்குக் கூடை கட்டுவது அப்புறம். "குனி அம்மணி" என்று சொல்லித் தன் கையாலேயே வைத்துவிடுவாள். தாய்க்கும் மகளுக்கும்கூட அப்படி ஒட்டுதல் இருக்காது என்று ஊரே வயிறெரிந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. காட்டின் மேற்கு ஓரம் தாழ்வு, தண்ணீர் வடியாமல் நின்றது. மழை விட்டதும் அந்த ஓரத்தில் சில செடிகள் மஞ்சளித்து இலையைத் தொங்கப் போட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து, தோல் கையோடு உரிந்து வந்தது.

"ஏனுங்க அத்தை, இதையெல்லாம் எரிச்சுப்போடலாங்களா? எங்கூர்ல தக்காளிக்கு இப்படி வந்தப்ப எங்கப்பா அப்படித்தாங்க பண்ணுனாரு" என்றாள் அன்புச்செல்வி.

செல்லாத்தாளுக்குச் சுருக்கென்றது. "தக்காளியும் இதும் ஒண்ணா? சாமி தலைக்கு ஏறுற பூ, கண்ணு. பொணமா இது, தீயில போடறதுக்கு?"

பூச்செடியை எரிக்கக் கூடாது, கால் மிதிபடாத இடத்தில் போட வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். காட்டில் கால் மிதிபடாத இடம் என்றால் மூலையில் இருந்த குப்பைக்குழிதான். சாணியோடு மக்கி மண்ணுக்கே போய்ச் சேரட்டும் என்று கும்பிட்டுத்தான் போட்டாள். தை பிறந்ததும் அந்த எருவை அள்ளி, ஒரு செடி விடாமல் தூருக்குத் தூர் வைத்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பிரியத்தோடு வைத்தாள், பாவி.

மாசியில் நடுக்காடு வாடியது. பங்குனியில் வாடல் கிழக்கே தாவியது. நேற்றுப் பூத்த செடி இன்று தலை தொங்கி நின்றது. செல்லாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் காட்டுப் பழனியாத்தாள் சும்மா போயிருக்கலாம். போகிற போக்கில், "ஊட்டுக்குத் தூரமானவ உள்ள நடந்தா பூச்செடி நிக்குமா?" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அது பற்றிக்கொண்டது. அன்றைக்கே பூப்பறிக்க வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவில் செல்லாத்தாள் மருமகளைப் பார்த்துக் கத்தினாள். "நீ மிதிச்ச எடமெல்லாம் கருகுது பாரு! எங்காட்டைத் தின்னுபோட்டயேடி!"

"சத்தியமா அந்த மூணு நாள்ல நான் வரப்பைக்கூடத் தாண்டுனதில்லீங்க அத்தை."

"பொய் வேற பேசறயா?"

அன்புச்செல்வி தலையில் இருந்த பூவை எடுத்து வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பீளமேட்டில் பம்புசெட்டுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கதிரேசன், அந்த வாரமே அங்கே ஒரு லைன் வீடு பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆத்தாளிடம் அவன் சண்டைக்கு வரவில்லை. "போய்ட்டு வாரேனுங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

பீடை தொலைந்தது, இனிக் காடு தேறிவிடும் என்று செல்லாத்தாள் நினைத்தாள். பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி, "எங்காட்டைக் கெடுத்தவங்க உடம்பு இப்படியே எரியோணும் தாயே" என்று வேண்டிக்கொண்டாள். மருமகளை நினைத்துத்தான் அரைத்தாள். காடு தேறவில்லை. கிணற்றோரம் ஒரே ஒரு வரிசைதான் பச்சையாக மிஞ்சியது.

சுருங்கிப்போன கூடையைப் பார்த்த வஹீதுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, ஆபீசர் ஒருத்தரை அனுப்பறேன், காட்டுங்க" என்றார். விவசாய ஆபீசர் வேங்கடசாமி வந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, தண்டைக் கீறி, முகர்ந்து பார்த்தார்.

"இது பூஞ்சாணமுங்கம்மா. மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தின்னுது. மொதல்ல வாடுன செடிகளைப் புடுங்கி என்ன பண்ணுனீங்க?"

"குப்பைக்குழியில போட்டனுங்க."

"அந்த எருவை?"

செல்லாத்தாள் கை காட்டைச் சுற்றிக் காட்டியது.

ஆபீசர் உச்சுக் கொட்டினார். "அன்னைக்கே எரிச்சிருந்தா அந்த ஓரத்தோட நின்னிருக்குமுங்க. தண்ணியை வடிச்சு விட்டு, பக்கத்துச் செடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சுத் தூர்ல ஊத்தியிருந்தாப் போதும். நீங்களே அள்ளி அள்ளி வெச்சிருக்கீங்களே!"

"ஏனுங்க, தூரமானவங்க நடந்தா இது வருமுங்களா?"

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வராதுங்கம்மா. எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுப்போடுங்க. இந்த மண்ணுல கொஞ்ச வருசத்துக்குக் கனகாம்பரமே வேண்டாம்."

அவர் போன பிறகு வரப்பிலேயே உட்கார்ந்தாள். ஆனைமலையில் அரைத்த மிளகாய் ஞாபகம் வந்தது. காட்டைக் கெடுத்தவள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தச் சாபத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா? உள்ளங்கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

பிடுங்கிய செடிகளைக் காயப்போட்டு, ஒரு காலையில் தீ வைத்தாள். கிணற்றோர வரிசையில் இருந்த கடைசிப் பூவை மட்டும் பறித்துச் சரமாகத் தொடுத்தாள். அந்தச் செடிகளையும் பிடுங்கித் தீயில் போட்டாள். சரத்தை வாழையிலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி, பீளமேட்டில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போனாள். கதவு திறந்திருந்தது. அன்புச்செல்வி குளித்த ஈரத்தலையோடு சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தை" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கதிரேசன் கம்பெனிக்குப் போயிருந்தான். செல்லாத்தாள் தண்ணீரைக் குடிக்காமலே மனசில் இருந்ததைக் கொட்டித் தீர்த்தாள். "நீ சொன்னதுதாங் கண்ணு சரி. எரிச்சிருக்கோணும். நாந்தான் காட்டைக் கெடுத்தேன், பழியை உம்மேல போட்டேன். மனசுல வெச்சுக்காத. ஊட்டுக்கு வந்துரு அம்மணி."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. சோறு ஆச்சு, சாப்பிடறீங்களா?"

குரலில் கோபம் துளியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் செல்லாத்தாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இலையைப் பிரித்துச் சரத்தை எடுத்தாள். "கடைசிப் பூ கண்ணு. குனி அம்மணி."

அன்புச்செல்வி மரியாதையாக ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னைக்கு நான் தூரமுங்க அத்தை. பூவைத் தொடக்கூடாதுங்களே."

சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லாத்தாள் அதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், சரத்தை மறுபடி இலையில் சுற்றினாள். இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு, "வாரேன் கண்ணு" என்று கிளம்பினாள். அன்புச்செல்வி "சரிங்க" என்றாள்.

பொழுது சாயக் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது செடிக்குவியலில் இன்னும் கங்கு கிடந்தது. செல்லாத்தாள் இலையைப் பிரித்து, சரத்தை அதில் போட்டாள்.