பனியில் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்

இன்று அருப்புக்கோட்டையில் என் மனைவிக்கு அங்கன்வாடி வேலைக்கான நேர்காணல். விடியற்காலை எங்கள் ஊர் பரளச்சியில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியவளைத் தடுத்தது நான்தான்.

"நம்ம வண்டி நிக்கிறப்ப பஸ்ஸு எதுக்கு?"

மார்கழிப் பனியில் என் பழைய பிக்கப் இழுத்து இழுத்து அடங்கிவிட்டது. நான்கு பேர் தள்ளியும் இஞ்சின் பிடிக்கவில்லை. அதற்குள் முதல் பஸ்ஸும் போய்விட்டது; அடுத்தது மதியம்தான்.

வெகுநேரம் கழித்து மெக்கானிக் வந்து, குளிரில் இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மாற்றியதும் உடனே ஸ்டார்ட் ஆனது.

"கார்த்திகையிலயே மாத்தச் சொன்னேன்லண்ணே. நீங்கதான் பாத்துக்கிரலாம்னீக."

அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி எப்பக் கூப்பிடுவாகன்னு அவுகளுக்கே தெரியாதாம்."

வீட்டுக்கு வந்ததும் சான்றிதழ்ப் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். முதலில் என்ன சொல்ல வேண்டும்?