வெள்ளிக்கிழமைக்கும் ஒரு பஸ்

எனக்கு யாரையும் புகழ்ந்து பேசி வழக்கமில்லை. மரம் அறுக்கும் ரம்பங்களையும் புல் வெட்டும் மிஷின்களையும் ரிப்பேர் செய்பவன் நான். எதைப் பார்த்தாலும் எங்கே பழுது என்றுதான் கண் போகும். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். வெல்டா கோர்ப்பியிடமும் பழுதுகள் உண்டு. பிடிவாதக்காரி, காபி போடத் தெரியாது, பாடத் தெரியாமல் பாடுவாள். ஆனாலும் அமெரிக்காவில், ஒரேகான் மாநிலத்தில், எங்கள் பள்ளத்தாக்கில் நான் பார்த்து வாயடைத்துப்போன ஆள் யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருட்டு பிரியுமுன் மேல் பள்ளத்தாக்கின் கடைசி வீட்டிலிருந்து கிளம்பி, ஆற்றோரமாகவே இறங்கி, மழையில் நனைந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருவாள். குள்ளம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் பஸ் தானாக ஓடிவருவதுபோல் இருக்கும்.

காட்டில் மரம் வெட்டுவது குறைந்து, மர மில்லும் மூடியபிறகு, மர வருமானத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் வற்றிப்போனது. நிர்வாகக் குழு முதலில் பாட்டு வாத்தியாரை நிறுத்தியது. பிறகு நூலகத்தைப் பூட்டியது. கடைசியில் வெள்ளிக்கிழமையையே வெட்டியது. இனி வாரத்துக்கு நாலு நாள்தான் பள்ளிக்கூடம் என்றார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். வேலைக்குப் போகிற அப்பா அம்மாக்கள் குதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையை யாரிடம் விடுவது? விட ஆளில்லாதவர்கள் கதவைப் பூட்டிவிட்டு, 'யார் தட்டினாலும் திறக்காதே' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மேல் பள்ளத்தாக்கில் ஹட்டி என்கிற சின்னப் பெண் தம்பிக்குப் பசிக்கிறது என்று சூப் சூடாக்கப் போய், திரைச்சீலை பற்றிக்கொண்டது. நல்லவேளை, தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். சமையலறைச் சுவர் எரிந்ததோடு போயிற்று. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியபோது அவள் கோட்டில் புகை நாற்றம். வேறு கோட்டு அவளுக்குக் கிடையாது. வெல்டா அன்று மத்தியானம் என் கடைக்கு வந்து, உட்காராமலே சொன்னாள்:

"எனக்கு வெள்ளிக்கிழமை திரும்ப வேணும்."

வழி ஒன்றுதான் இருந்தது. வீட்டுவரியைக் கொஞ்சம் ஏற்றி அந்தப் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்க ஊரே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஒருமுறை கேட்டுத் தோற்றிருந்தோம். மறுபடி மே மாதம் கேட்பது என்று முடிவானது. பள்ளி ஊழியர்கள் வேலை நேரத்தில் ஓட்டைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அதனால் வெல்டா வேலை முடிந்ததும் பஸ்ஸை நிறுத்தி, பள்ளிப் பெயர் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நனைந்துகொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

அவள் ஏறாத வாசல் ஒன்றுகூட இல்லை. ஆர்லன் டெக்கர் வீட்டு வாசலிலும் ஏறினாள். ஆர்லன் எண்பதைத் தாண்டிய பழைய மரவெட்டி. வாசலில் ஆள் உயரப் பலகையில் சிவப்புச் சாயத்தால் 'வேண்டாம்' என்று எழுதி நட்டிருந்தார். மேல் பள்ளத்தாக்கில் முன்பு தனியாக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் சமையல் வேலை பார்த்தவள் அவர் மனைவி ஃபெய். செலவு மிச்சம் என்று நிர்வாகம் அதை மூடியது. அன்றிலிருந்து பள்ளிக்கு ஒரு காசுகூடத் தருவதில்லை என்று சபதம். ஃபெய் அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்துபோயிருந்தாள்.

எங்கள் ஊரில் ஓட்டுச்சாவடி கிடையாது. ஓட்டுச்சீட்டு தபாலில் வரும். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பி, உறையில் போட்டு, உறைமேல் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்து இல்லாத உறையைப் பிரிக்க மாட்டார்கள். தபாலில் தகவல் அனுப்பி, ஆளே தாலுகா ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட மூன்று வாரம் தவணை தருவார்கள். அந்தத் தடவை எண்ணி முடித்தபோது இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம். கையெழுத்தில்லாத சில உறைகள் தனியே கிடந்தன. யார் யாருடையவை என்று கேட்டால் ஆபீசில் பெயர் சொல்வார்கள்.

அன்று சாயந்திரம் என் கடையில் கூடினோம். அந்தப் பெயர்களில் நம் பக்கத்து ஆட்கள் யார் என்று நான் பிரித்து வைத்திருந்தேன்.

"இவங்கள மட்டும் கூட்டிட்டுப் போயிடு வெல்டா. கதை முடிஞ்சுது," என்றேன்.

"மத்தவங்க?"

"மத்தவங்க வேண்டாம்னு போட்டவங்க."

"அவங்களுக்கு யார் சொல்லுவா?"

"அதான் தபால் வந்திருக்குமில்ல! நமக்கென்ன வேண்டுதலா? ஆர்லன் டெக்கர் பேரும் அதுல இருக்கு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கற ஆளுன்னு உன்னத்தான் பாக்கறேன்."

"ஆர்லனா?" என்றாள். பெயர்ப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "என் வண்டி பிரேக் போயிருக்கு. காலையில உன் வண்டியக் குடு," என்றாள்.

என் வண்டியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. அதனால் நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. எங்களைத் தோற்கடிக்கப் போகிற ஓட்டை என் வண்டியில், என் பெட்ரோலில்!

ஆர்லன் கதவைத் திறந்து, "மறுபடியும் பிரசங்கமா?" என்றார்.

"இல்ல பெரியவரே. உறைமேல கையெழுத்துப் போடல நீங்க. தபால் வரலையா?"

"என்னமோ வந்துது. உங்க கும்பல் அனுப்புன குப்பைன்னு அடுப்புல போட்டுட்டேன்."

"சரி, கோட்டைப் போடுங்க. போயிட்டு வந்துடலாம்."

இடுப்பு வலிக்காரரை இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தோம். மலை தாண்டி ஒரு மணி நேரப் பாதை. இப்போது ஆரம்பிப்பாள், ஹட்டியின் சமையலறையைச் சொல்வாள், ஃபெய்யின் பெயரை இழுப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினாள். பாட்டு வேறு. கடைசியில் ஆர்லனுக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, என்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே நீ?"

"கேக்க என்ன இருக்கு? வாசல்ல பலகைதான் பல்லக் காட்டிட்டு நிக்குதே."

"அப்புறம் எதுக்கு என்னக் கூட்டிட்டுப் போறே?"

"நான் பஸ் ஓட்டுறவ. நல்ல புள்ளையா கெட்ட புள்ளையான்னு பாத்தா கதவைத் திறக்கறேன்? நின்னா ஏத்திக்குவேன்."

ஆபீஸ் மேசையில் தாளை நீட்டினார்கள். ஆர்லன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எப்பவும் அவதான் முதல்ல போடுவா. போட்டுட்டுப் பேனாவ என் கையில திணிப்பா. 'போடுங்க, ஆறிப்போகுது சாப்பாடு'ம்பா. அவ இல்லாம இதான் முதல் ஓட்டு. மறந்தே போச்சு."

வெல்டா அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் ஃபெய் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஆள் அழுதே ஓட்டை மாற்றத் துடித்திருப்பார். போட்டது போட்டதுதான், மாற்ற முடியாது. அதுவல்ல விஷயம். அவரை நோகடித்தாவது அவள் மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் செய்திருப்பேன். அவள் செய்யவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

மற்றவர்களையும் அந்த வாரம் முழுக்க ஏற்றி இறக்கினோம், நம் பக்கம் எதிர்ப்பக்கம் எல்லாரையும். கடைசிக் கணக்கில் வெள்ளிக்கிழமை ஜெயித்தது. மயிரிழைதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தால், மறுநாளே ஊர் இரண்டாகிவிட்டது. காபிக் கடையில் ஒரு கூட்டம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. "உறையை ஒளிச்சுட்டாங்க. எங்க ஆளுங்க ஓட்டையெல்லாம் குப்பையில போட்டாங்க. திருட்டுப் பசங்க. வழக்குப் போட்டு இந்த வரிய நிறுத்தணும்." வழக்கு என்றால் வருடக்கணக்காகும். அதுவரை வெள்ளிக்கிழமை வராது. வெல்டா அங்கேதான் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

மூலையிலிருந்து ஆர்லன் தடியை ஊன்றி எழுந்தார்.

"எவன்டா திருடுனான்? என் ஓட்டு வேண்டாம் ஓட்டு. அது செத்துக் கிடந்துது. ஆபீசுல இருந்து வந்த தபாலக்கூட அடுப்புல போட்டவன் நான். அந்தா உக்காந்திருக்காளே, அவ வந்து என்னத் தூக்கிட்டுப் போய் அதுக்கு உயிர் குடுத்தா. உங்க தலைவனுங்கள்ல எவனாவது என் வீட்டுப் படி ஏறுனானா? என் ஓட்டையும் எண்ணித்தான் நாம தோத்தோம். தோத்தா தோத்ததுதான். வரியக் கட்டு, வாய மூடு."

வழக்குப் பேச்சு அன்றோடு அடங்கிவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்று நான் தள்ளிவைக்கச் சொன்ன ஓட்டுகளில் ஒன்றுதான் எங்கள் ஜெயத்தைக் காப்பாற்றியது. இதை அவள் கணக்குப் போட்டுச் செய்தாளா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இல்லை. அவளுக்குக் கணக்கு வராது, பள்ளியிலேயே என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள்.

செப்டம்பரில் முதல் வெள்ளிக்கிழமை. ஆர்லன் தூங்கின உடுப்போடு ரோட்டுக்கு வந்து பஸ்ஸை மறித்தாராம்.

"வெள்ளிக்கிழமைகூடத் தூங்க விடமாட்டியா? அடுத்த தடவையும் வேண்டாம்னுதான் போடுவேன், பாத்துக்க."

"போடுங்க. கையெழுத்தையும் சேத்துப் போடுங்க," என்று சொல்லிவிட்டுக் கியரைத் தட்டினாளாம்.

அன்று காலை என் கடை வாசலில் நின்று அந்த மஞ்சள் பஸ் மழையில் இறங்கி வருவதைப் பார்த்தேன். வழக்கம்போல் தானாகவே ஓடிவந்தது. தொப்பியைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை. சாயந்திரம் வந்தவளிடம் கேட்டேன்:

"ஹட்டி வந்தாளா?"

"வந்தா. தம்பிய முன்னாடி ஏத்திவிட்டு அப்புறம் ஏறுனா."

"கோட்டு?"

"அதே கோட்டுதான். கிட்டக்க வந்தப்ப மோந்து பாத்தேன்," என்றாள் வெல்டா. "மழை வாசனைதான் அடிச்சுது."