பந்து வாங்கப் போன வழி: தொண்டைமானாற்றிலிருந்து திருநெல்வேலிக்கு

வடமராட்சிக்குப் போக வழி கேட்டு எழுதுகிறவர்களுக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். போன கிழமை ஒரு வாசகர், "வல்லை வெளியைச் சைக்கிளில் கடக்கலாமா?" என்று கேட்டிருந்தார். கடக்கலாம். நான் கடந்திருக்கிறேன். அந்தப் பயணத்தைச் சொன்னால்தான் என் பதில் முழுமையாகும்.

அது 1994, செப்டெம்பர் மாதத் தொடக்கம். தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். என்னோடு படிப்பித்தவள் ரெஜினா. குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பம். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு உறவினர் வீடு தேடி எங்கள் பக்கம் வந்திருந்தார்கள். அவர்களைப் போல வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்புகளில் பாதிப்பேர்.

அந்த ஆண்டு ஆரம்பப் பாடசாலைகளின் விளையாட்டுக்கென்று அரசாங்கம் அனுப்பிய சிறு தொகை எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. யுத்தம் நடந்தாலும் கல்விப் பணிமனை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். அதிபர் அதை ஒரு கைலேஞ்சியில் முடிந்து என்னிடம் தந்து, "இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போய்ப் பந்தும் சாமானும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். உடுப்பிட்டி, வல்லை, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை, பிறகு திருநெல்வேலி. இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அச்சுவேலிப் பாதை கிட்டம்தான், ஆனால் அந்தப் பக்கம் இராணுவம் இருந்தது. பெற்றோல் கிடையாது. பஸ் எப்போதாவது வரும், வந்தாலும் தொங்கத்தான் இடமிருக்கும். குடாநாடு முழுக்கச் சைக்கிளில் ஓடிய காலம் அது.

உடுப்பிட்டி வரைக்கும் மரநிழல். வல்லையில் நிழல் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் உவர் நிலம், நடுவே தார் உரிந்த வீதி. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, நேரே முகத்தில் அடித்தது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. பாதி வெளியில் இராணுவ ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. ஒதுங்க ஒரு பற்றை கூட இல்லை. சைக்கிள்களைப் போட்டுவிட்டு வீதியோரப் பள்ளத்தில் குப்புறப் படுத்தோம். ஹெலி கடற்பக்கமாகத் திரும்பிப் போனது. ரெஜினா எழுந்து சட்டை மண்ணைத் தட்டினாள்.

"இண்டைக்கு செத்திருந்தால், பந்து வாங்கப் போய்ச் செத்தவையள் எண்டு எழுதியிருப்பாங்கள்" என்றாள். பயத்திலும் சிரிப்பு வந்தது.

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு எதிரே ஒரு கடையில் தேநீர் குடித்தோம். சீனி இல்லை, பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்த வெறுந்தேநீர். இன்றைக்கும் தேநீர் என்றால் என் நாக்கு முதலில் தேடுவது அதைத்தான்.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் விற்ற கடையில் ஒரேயொரு தோல் உதைபந்து இருந்தது. விலை கேட்டோம். கைலேஞ்சியில் இருந்ததில் பாதிக்கு மேல்.

"கப்பலிலை வாற சாமான் தங்கச்சி. நான் என்ன செய்ய?" என்றார் கடைக்காரர்.

முடிச்சை அவிழ்க்கப் போனேன். ரெஜினா என் கையைப் பிடித்தாள்.

"இதை ஆர் உதைக்கிறது, வசந்தி? சொல்லும். திங்கட்கிழமை சுமதி மயங்கி விழுந்ததை மறந்திட்டீரே?"

மறக்கவில்லை. ஓட்டப் பயிற்சியில் ஒரு சுற்று முடியுமுன் ஐந்தாம் வகுப்புச் சுமதி மணலில் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலமை என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டதற்கு, "ரீச்சர், இண்டைக்கு தம்பியின்ரை முறை" என்றாள். அந்த வீட்டில் காலைச் சாப்பாடு முறைவைத்துத்தான் கிடைத்தது.

"காசு விளையாட்டுக்கெண்டு தந்தது. சாப்பாட்டுக்குக் குடுத்தால் அதிபருக்கெல்லோ பிரச்சினை?" என்றேன்.

"பசியோடை விளையாட்டு எங்கையிருந்து வரும்?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. "பணிமனைக்குப் போய்க் கேப்பம். கேட்டால் அடிக்கவோ போகினம்?" என்று அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பணிமனையில் எங்களைச் சந்தித்த அதிகாரிக்குக் கடும் தடிமன், மூக்கடைப்பு. மல்லித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கதையைக் கேட்டார். முதலில் ஏசினார்.

"விளையாட்டுக் காசைச் சாப்பாட்டுக்கு எடுக்கேலாது. அது வேறை காசு, இது வேறை காசு. நாளைக்குக் கணக்குப் பாக்க வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

நான் எழுந்துவிட்டேன். ரெஜினா அசையவில்லை. "சேர், ஓடுற பிள்ளைக்கு ஏதும் குடுக்க வழியே இல்லையோ?"

அவர் மூக்கைத் துடைத்தார். "பயிற்சிக்கு வாற பிள்ளையளுக்குச் சிற்றுண்டி குடுக்கலாம். அதுக்கு இடமிருக்கு. பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு ஒரு பிடி பயறும் குடுக்கேலாது."

"எல்லாப் பிள்ளையளும் பயிற்சிக்கு வந்தால்?"

"எல்லாருமோ?"

"ஓம் சேர். முழுப் பள்ளிக்கூடமும்."

மல்லித் தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆர் ஓடுறது எண்டு முடிவெடுக்கிறது நீங்கள். அதை நான் வந்து பாக்கிறேல்லை. ஆனால் பிள்ளையள், ஒரு பந்தாவது வாங்குங்கோ. பந்தில்லாமல் என்ன பயிற்சி?"

வாசலைத் தாண்டியதும் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். சில இறப்பர் பந்துகளும் கயிறும் ஒரு விசிலும் வாங்கினோம். மிச்சக் காசு முழுவதும் சந்தையில் பயறாக மாறியது. கரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். வல்லையில் அதே காற்று இப்போது முதுகைப் பிடித்துத் தள்ளியது. மிதிக்கவே தேவையில்லை. அந்த வெளியில் இருவரும் பெரிய குரலில் பாடிக்கொண்டு வந்தோம். அவளுக்குத் தேவாரம் தெரியாது, எனக்கு மாதா பாட்டுத் தெரியாது. இருந்தும் பாடினோம்.

கதையைக் கேட்ட அதிபர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். திங்கட்கிழமையிலிருந்து முழுப் பள்ளிக்கூடமும் விளையாட்டு வீரர்கள். ஒன்றாம் வகுப்புச் சின்னதுகள் வாத்து மாதிரி ஓடின. இளம்பிள்ளைவாதத்தால் கால் மெலிந்த ஞானத்திடம் விசிலைக் கொடுத்தோம். அவன் ஊதாமல் ஒருவரும் ஓட முடியாது. ஓடி முடிந்ததும் துருவிய தேங்காய்ப்பூ போட்ட அவித்த பயறு. அவிக்க வந்த தாய்மார் முதல் நாள் ஊரவர் ஒரு பக்கம், இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு கூட்டமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். இரண்டாம் கிழமை ஒரே அடுப்பை ஊதினார்கள். அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை சுமதி ஒரு நாளும் விழவில்லை.

மழைக்கு முன்னர் நெல்லியடியில் பாடசாலைகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நடந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். இறங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் போட்டிப் பொறுப்பாளர் திகைத்துப்போனார்.

"ரீச்சர், பார்வையாளர் அந்தப் பக்கம். உங்கடை ரீம் எங்கை?"

"இதுதான் எங்கடை ரீம்" என்றாள் ரெஜினா.

அணிநடையில் எல்லாரும் நடந்தார்கள், ஞானம் முன்னால். சுமதி நூறு மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். மற்றவர்கள் பலர் கடைசியாக வந்து, அதற்கும் கைதட்டச் சொல்லி எங்களைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு யாழ்ப்பாண நகரமே காலியான இடப்பெயர்வில் எல்லாம் கலைந்தது. ரெஜினா வீட்டார் மன்னார்ப் பக்கம் போய், பிறகு இந்தியாவுக்குப் படகேறினார்கள் என்று கேள்விப்பட்டேன். முகவரி கிடைக்கவில்லை. இதை அவள் வாசித்தால் கீழே இரண்டு வரி எழுதட்டும்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. யாழ்ப்பாணத்தில் 750இல் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் நெல்லியடி. அங்கிருந்து தொண்டைமானாற்றுக்கு ஓட்டோ கிடைக்கும், விலையை முதலிலேயே பேசிவிடுங்கள். அங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மதியம் அன்னதானம் உண்டு, வந்தவர் யாரென்று கேட்க மாட்டார்கள். சைக்கிளில் போவதென்றால் மே முதல் செப்டெம்பர் வரை வடமராட்சியை நோக்கிப் போங்கள், காற்று உதவும். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.

காலை வேளையில் போனால் வழியில் உள்ள ஏதாவது ஒரு ஆரம்பப் பாடசாலை மதிலோரம் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வயிறு நிறைந்த பிள்ளை ஓடும்போது சிரிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் அந்த வழியில் போகிறேன்.