ஐந்து எண்ணும் வரை

உதட்டுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரின் முகத்துக்கு நேரே பிடித்திருந்த தாளை ரெனிஷா சட்டென்று மடியில் கவிழ்த்துக்கொள்கிறாள்.

"என்ன வாசிச்சீங்க?"

மின்வாரியத்துக்கு வேலைக்குப் போகும் அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏதோ பல்பொடி போல இருந்தது என்கிறார். தாளில் இருந்தது பல்பொடி இல்லை, மருத்துவக் காப்பீடு. குடும்பத்தோடு பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம்தான் அவரை ஏமாற்றியிருக்கிறது. ரெனிஷா வாதாடுவதில்லை. பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய வாசகத்தில் பாதியை அவர் கண்முன்னாலேயே அடித்துவிடுகிறாள். மனிதருக்குத்தான் பாவமாகிப் போகிறது. இன்னொரு முறை காட்டச் சொல்கிறார். காட்டமாட்டாள். ரோட்டோரத்துப் போர்டு யாருக்காகவும் இரண்டாவது முறை வந்து நிற்காது என்பாள்.

குலசேகரத்திலிருந்து காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி, திருவட்டார், வேர்கிளம்பி, தக்கலை வழியாக நாகர்கோவில் போகும் பேருந்தில் மூன்று வருடமாக இதே கதைதான். நாகர்கோவிலை ஒட்டிய பல்கலைக்கழகத்தில் அவள் விளம்பரப் படைப்பு படிக்கிறாள். அழகியமண்டபம் சந்திப்பில் இருக்கிற பெரிய விளம்பரப் பலகை, பேருந்து திரும்பும்போது ஐந்து எண்ணும் நேரம்தான் கண்ணில் படுகிறது என்று முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். அன்று பிடித்தது இந்தக் கிறுக்கு. நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போதே, இன்றைக்குப் பரீட்சை எந்த சீட்டில் என்று கேட்டுக்கொள்வார்.

அடிக்கிற கை பேருந்தோடு நிற்பதில்லை. சபை அறிவிப்பு, மருந்துக்கடை உறை, ஜவுளிக்கடை நோட்டீஸ் என்று எது கிடைத்தாலும் மார்க்கர் திறந்துவிடும். போன வருடம் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு அழைப்பிதழைச் சரிபார்க்கச் சொல்லி இவளிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். பெண், மாப்பிள்ளை, தேதி, ஆலயம், சாப்பாடு நடக்கும் மண்டபம் ஆகிய ஐந்தை மட்டும் விட்டுவிட்டு, 'வரவை எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே இருந்த இருபத்துமூன்று உறவுக்காரர்களையும் ஒரே கோட்டில் தீர்த்துக்கட்டிவிட்டாள். அச்சகத்துக்குப் போகும் வழியில் பெரியப்பா பார்த்ததால் குடும்பம் தப்பித்தது. அவர் இரண்டு மாதம் இவளோடு பேசவில்லை. இவளோ, மண்டபத்துக்கு வழி சொல்கிற வரி இன்னும் நீளம்தான் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். தன் சரக்குக்கு விளம்பரமே தேவைப்படாததால் மகளுடைய படிப்பு அவருக்குப் பிடிபடவே இல்லை. "ரப்பருக்கு எவன் மக்கா பரசியம் குடுக்கான்?" என்பார். பரசியம் என்றால் அந்தப் பக்கத்தில் விளம்பரம். அம்மா ஜெயபாய்க்கு அந்தப் படிப்பைச் சபைப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பதே பெரிய சங்கடம். போர்டு எழுதுகிற படிப்பா என்று கேட்கிறார்களாம். ஒருமுறை விழாவுக்கென்று துறைக்கு வந்த ஜெயபாய், தாழ்வாரச் சுவரில் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்த இளைஞர், இளம்பெண்களின் படங்களைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். மகளின் காதருகே வந்து, இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வயதில் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர்கள் எல்லாரும் சாகவில்லை, கொச்சியிலும் பெங்களூரிலும் சென்னையிலும் விளம்பர நிறுவனங்களில் வேலையில் சேர்ந்திருக்கிறார்கள் என்று புரியவைப்பதற்குள் விழா தொடங்கிவிட்டது.

அந்தச் சுவரில் ஏற வேண்டும் என்பதுதான் ரெனிஷாவின் ஆசை. ஆனால் தனியாக ஏற முடியாது. அந்தத் துறையில் எல்லாமே ஜோடி. ஒருவர் எழுத, ஒருவர் வரைய, வேலைக்கும் ஜோடியாகவே போவார்கள். ரெனிஷாவின் ஜோடி சுசீந்திரத்துச் சுனிதா. காதில் பாட்டும் கையில் ரசவடையுமாக உட்கார்ந்து வரைபவள். உணவகத்து மேசையில் இருவருக்கும் தினமும் எல்லைத் தகராறு நடக்கும். வரி குறைந்தால்தான் படத்துக்கு இடம் கிடைக்கும் என்பதால், ரெனிஷாவின் மார்க்கரைச் சுனிதா அளவுக்குக் கொண்டாடியவர்கள் வேறு யாரும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த எதையும் எவருடையது என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் சேந்தது" என்று சொல்ல வேண்டும். முதல் வாரமே ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிடும் பதில் அது.

கடைசி வருடம் கொச்சி நிறுவனம் ஒன்று தமிழ் விளம்பரங்களுக்காக ஒரே ஒரு ஜோடியை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. ரெனிஷாவுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் மார்த்தாண்டத்தில் வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்வதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஜெயபாய் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஜெபத்தையும் தொடங்கியிருந்தார். எதற்காக ஜெபிக்கிறார் என்று இவள் கேட்கவில்லை.

இனி ஓமனா அக்காவைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதிருக்கும். பிறந்தது கேரள எல்லைக்கு அந்தப் புறம் வெள்ளறடையில், கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம். முந்திரிப் பருப்பு ஆலையில், ஊர்வழக்கில் அண்டியாபீசில், தோடு உடைக்கிற வேலை. விரல் நுனிகளில் அந்த எண்ணெயின் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாமல் இருக்கும். திருவட்டாரில் ஏறி, அழகியமண்டபத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்குவார். ஏறியதும் இவள் பக்கத்தில் இடம்பிடித்து, "ஒனக்க பரசியத்த காட்டு, பாப்போம்" என்பார்.

ரெனிஷாவின் பேருந்து நீதிபதிகளிலேயே கண்டிப்பானவர் ஓமனா அக்காதான். நர்சிங் பிள்ளைகள் ஏழு சொல் வாசிப்பார்கள், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பத்துச் சொல்லை அப்படியே ஒப்பிப்பார். ஓமனா அக்கா மூன்று சொல்லோடு நிறுத்திவிடுவார். "பெறவு ஒண்ணும் மனசில ஏறேல" என்று சிரிப்பார். வளவளவென்று எழுதினால் அக்காவுக்கு அலுத்துவிடுகிறது என்று ரெனிஷா புரிந்துகொண்டாள். அக்காவையே அளவுகோலாக வைத்துக்கொண்டாள். வரியை வெட்டி வெட்டி மூன்று சொல்லுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். துறையில் அவளுடைய சிக்கனத்தைப் பற்றிப் பேசாத ஆசிரியர் இல்லை. எங்கிருந்து வந்தது இந்தக் கண்டிப்பு என்று கேட்டால், "எங்க பஸ்ல ஒரு அக்கா உண்டு" என்பாள்.

அந்த வருடம் ஒரு குடை நிறுவனத்துக்கு விளம்பரம் செய்யச் சொல்லியிருந்தார்கள். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில் குடையைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது? மழை, வெயில், காற்று, கம்பி, துணி என்று ரெனிஷா நாற்பது வரி எழுதினாள். நாற்பதையும் அடித்தாள். ஒருநாள் ஓமனா அக்கா ஏறியதும் தாளைக் காட்டாமல், நல்ல குடை என்றால் என்ன என்று நேரடியாகக் கேட்டுவிட்டாள். அக்கா அதற்கு ஒரு கதையே சொன்னார். தம்பி வாங்கிக்கொடுத்த குடையை ஒருநாள் இதே பேருந்தில் விட்டுவிட்டு இறங்கினாராம். ஆலைக்கு நடக்கிற பாதி வழியில் நினைவு வர, அன்றைய வேலையை விட்டுவிட்டு, நிறுத்தத்துக்கே திரும்பி, அடுத்த பேருந்து பிடித்து, நாகர்கோவில் பேருந்து நிலையம் வரை போய்த் தேடி எடுத்தாராம்.

"எத்தனயோ குட மறந்திருக்கேன் மக்கா. எதுக்கும் திரும்பிப் போனதில்ல. இதுக்குப் போனேன். அதாக்கும் நல்ல குட."

ரெனிஷா அன்று தக்கலை தாண்டும்வரை மார்க்கரை மூடவே இல்லை என்று நடத்துநர் சொல்வார். சுனிதா வரைந்தது ஒரு காலியான பேருந்து. முன்சீட்டுக் கம்பியில் குடை ஒன்று தொங்குகிறது. சன்னல் வழியே தூரத்தில் ஒரு பெண் பேருந்தை நோக்கி ஓடி வருகிறாள். கீழே மூன்றே சொல்: 'மறந்தால் திரும்பிப் போவீர்கள்.' பேருந்தில் காட்டியபோது ஐந்து எண்ணுவதற்குள் அக்கா வாசித்துவிட்டார். வாசித்துவிட்டுத் தோளில் ஓர் அடி வைத்தார்.

கொச்சியிலிருந்து ஆள் தேட வந்தவன் ஷிபின். ஏழு வருடத்துக்கு முன் இதே துறையில் படித்தவன், சுவரில் மூன்றாவது சட்டத்தில் இருப்பவன். எல்லா ஜோடிகளின் கோப்புகளையும் புரட்டியவன் குடையில் நின்றுவிட்டான். யார் எழுதியது என்று கேட்டான். சுனிதா படித்து வைத்த பதிலைச் சொன்னாள். ஷிபின் சிரித்தான். நாங்களும் இதையேதான் படித்து வைத்திருந்தோம் என்றான். பிறகு, இந்த வரியை எழுதிய ஆள்தான் எனக்கு வேண்டும், அதனால் கேட்கிறேன் என்றான்.

மேசைக்குக் கீழே சுனிதா இவள் காலை மிதித்தாள். மெதுவாக இல்லை. ரெனிஷாவுக்கு ஒரு நொடி மார்த்தாண்டத்துப் பயிற்சி வகுப்பும் வேதப்புத்தகமும் கண்ணில் தெரிந்தன. மறுநாள் காலை திருவட்டாரில் ஏறிப் பக்கத்தில் உட்காரப்போகிறவரும் தெரிந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கதும் இல்ல. அது ஓமனா அக்காவுக்கதாக்கும்."

அது எந்த மாணவி என்று ஷிபின் பட்டியலில் தேடினான். ரெனிஷா பேருந்தையும், அண்டியாபீசையும், குடைக்காக ஒருநாள் வேலையை விட்டுத் திரும்பிப் போனதையும் சொன்னாள். அக்கா சொன்ன கதை திருவட்டாரில் தொடங்கி வேர்கிளம்பி தாண்டியும் முடியவில்லை, அதை மூன்று சொல்லாக வெட்டியது மட்டும்தான் தான் செய்தது என்றாள். அப்படியானால் ஓமனா அக்காவைத்தான் வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று ஷிபின் கோப்பை மூடினான். கேலியா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. வெட்டியதைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான். மூன்று வருடத் தாள்களை, கறுப்புக் கோடுகளோடு, ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தாள். அதை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். அவன் அரைமணி நேரம் புரட்டிவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டான்.

சுனிதா ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் வாய் திறந்தபோதும், "உண்மைய சொல்லணும்னா பஸ்ல சொல்லியிருக்கலாம்லா. அங்க வச்சு என்னத்துக்குட்டி சொன்ன?" என்று கேட்டாள். ரெனிஷாவுக்குப் பயம்தான் இருந்தது. தன்னுடைய இடத்தோடு சுனிதாவின் இடத்தையும் சேர்த்துத்தானே மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பத்தாவது நாள் கொச்சியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பேரையும் எடுத்திருந்தார்கள், முதல் ஆறு மாதம் பயிற்சி. சுனிதா இரண்டு ரசவடை வாங்கி, இரண்டையும் தானே தின்றாள். சமாதானம் ஆயிற்று என்று அதற்கு அர்த்தம். ஜெயபாய் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஆறு மாதம் பார்ப்போம் என்றார். விண்ணப்பம் வேதப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஜூன் முதல் வாரம், நல்ல மழை. சான்றிதழ் வாங்க ரெனிஷா கடைசியாக ஒருமுறை அந்தப் பேருந்தில் போனாள். பையில் துறையின் ஆண்டு மலர் இருந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்குக் குடை விளம்பரம். அடியில் சின்ன எழுத்தில், 'படம்: சுனிதா. எழுத்து: ஓமனா, ரெனிஷா' என்று போட்டிருந்தது. ஓமனா அக்கா வந்து உட்கார்ந்ததும், உங்கள் பெயர் இதில் இருக்கிறது என்று சொல்லி மலரை விரித்துப் பிடித்தாள். பழகிய உதடு தானாக எண்ணியது. ஐந்தானதும் கை தானாக மூடியது.

"கண்டீங்களா அக்கா?"

அக்காவின் முகம் வாடிப்போயிற்று. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மூடிய மலரில் விரலை வைத்து, தணிந்த குரலில் சொன்னார்.

"மக்கா, ஒரு தடவ பையப் பைய காட்டு. நான் படிச்சது மலையாளமாக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொண்ணாக் கூட்டித்தான் வாசிப்பேன். நீ அஞ்சு எண்ணுகதுக்குள்ள மூணு சொல்லுக்கு மேல எனக்கு ஒக்காது. நீ ஆசையா கேக்கிய, பின்ன எப்பிடிச் சொல்ல?"

ரெனிஷாவுக்கு மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் இது தெரியாமல் போயிருக்கிறது. கண்டிப்பு என்று நினைத்தது கண்டிப்பே இல்லை. ஆசிரியர்கள் புகழ்ந்த சிக்கனம், ஷிபின் அரைமணி நேரம் புரட்டிய கறுப்புக் கோடுகள் எல்லாம், பக்கத்தில் ஒருவர் அவசர அவசரமாக எழுத்துக் கூட்டியதில் வந்தவை. வெட்கமாகவும் இருந்தது, அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மலரைத் திரும்ப விரித்து அக்காவின் மடியில் வைத்தாள்.

கறுத்த விரல்நுனி 'எழுத்து' என்ற சொல்லைக் கடக்கும்போதே நிறுத்தம் வந்துவிட்டது. நடத்துநர் விசில் அடித்தார். அக்கா மலரை மூடித் திருப்பிக் கொடுக்கப் போனார். ரெனிஷா வாங்கிக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினாள். நடத்துநர் இவளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இரட்டை விசில் கொடுக்க, பேருந்து தக்கலைப் பக்கம் போய்விட்டது.

ஆலை மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ரெனிஷா குடையை விரித்து, தன் தோள் நனைய, மலர் நனையாமல் பிடித்துக்கொண்டாள். ஓமனா அக்காவின் விரல் தன் பெயரின் முதல் எழுத்துக்கு வந்து நின்றது. பிறகு அடுத்த எழுத்துக்குப் போனது. ரெனிஷா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் உதடு அசையவில்லை.